பதினான்கு கோரிக்கைகளும் ஒரு பானையும்

செப்டம்பர் 14, ஞாயிறு

ஓய்வு பெற்ற பிறகு என் கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வங்கி ஊழியர் சங்கத்தில் கிளைச் செயலாளராகவும் மாவட்டச் செயலாளராகவும் இருந்து தீர்மானம், சுற்றறிக்கை, கண்டன அறிக்கை என்று எழுதிக் குவித்த கை. இப்போது பால் அட்டையில் கோடு போடுகிறது. அதனால் இன்று முதல் நாட்குறிப்பு.

நிலம் என் மனைவி திலகவதியின் பேரில் இருக்கிறது. மன்னார்குடிக்குத் தெற்கே நெடுஞ்சேரியில் ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர், அவள் அப்பா விட்டுப் போனது. இதுவரை குத்தகைக்கு விட்டிருந்தோம். இந்தச் சம்பாவிலிருந்து நாங்களே பயிர் செய்கிறோம். எனக்கு நெல்லைப் பற்றித் தெரியாது. தொழிலாளியைப் பற்றித் தெரியும். அது போதும்.

ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் இருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்கே எத்தனையோ பாதுகாப்பு இருந்தது. சேற்றில் குனிந்து நிற்கிறவளுக்கு என்ன இருக்கிறது? ஏட்டில் கொஞ்சம் இருக்கிறது, வரப்பு வரைக்கும் வருவதில்லை. எங்கள் ஒன்றரை வேலியிலாவது வரட்டும். எட்டு மணி நேர வேலை, தேநீர் இடைவேளை, வார விடுமுறை, சுத்தமான குடிநீர், மரியாதையான பேச்சு. வங்கியில் நாங்கள் போராடி வாங்கியது அத்தனையும் இங்கே கேட்காமலே கிடைக்கும்.

முதல் வேலையாக, வாய்க்கால் கரையில் மண்டிக் கிடந்த கருவேலங்காட்டை ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கிப் போட்டாயிற்று. பாம்பும் பூரானும் குடியிருந்த இடம். தொழிலாளியின் பாதுகாப்புதான் முக்கியம். இப்போது மோட்டார் கொட்டகையில் நின்றால் வாய்க்கால் வரைக்கும் மொட்டையடித்த தலை மாதிரி பளிச்சென்று தெரிகிறது. திலகம் வந்து பார்த்துவிட்டு, "நடவுப் பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். பாம்பை விரட்டக்கூடப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சிறுநீரகத்தில் கல் இருக்கிறதாம். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். குடிக்கிறேன். அடிக்கடி எழுந்து போவதுதான் தொல்லை. வயலில் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை, எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் ஆயிற்று. கிராமத்து வேலையில் இது ஒரு சௌகரியம். நகரத்து ஊழியனுக்கு வாய்க்காது.

செப்டம்பர் 16, செவ்வாய்

நடவு தொடங்கியது. செங்கமலம் என்பவர் தலைமையில் பதினாலு பெண்கள் வந்தார்கள். செங்கமலத்துக்கு ஐம்பது வயதிருக்கும். மைக் தேவைப்படாத குரல். எங்கள் சங்கத்தில் இருந்திருந்தால் மாநிலக் குழுவுக்கே போயிருப்பார்.

என்னை ஐயா என்று கூப்பிடக் கூடாது, தோழர் என்றே கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, "சரிங்க தோழரய்யா" என்றார்கள்.

வேலை நேரம் பத்து முதல் ஐந்து என்று அறிவித்தேன். செங்கமலம், "பத்து மணிக்கு வெயிலு மண்டையப் பொளக்கும் தோழரய்யா. நாங்க விடியக்காலயே எறங்கிடுறோம்" என்றார். வேலை நேரத்தைத் தொழிலாளியே தீர்மானிப்பதும் ஓர் உரிமைதான் என்று விட்டுவிட்டேன்.

குடிநீர் ஏற்பாடு என் சொந்தக் கைவண்ணம். புது மண்பானை, கீழே மணல், மேலே வெள்ளைத்துணி. டம்ளரைச் சங்கிலியால் கட்டிவிட்டேன், வங்கியில் பேனாவைக் கட்டி வைக்கிற மாதிரி. கிளைக்குக் குடிநீர் வேண்டும் என்பதுதான் நான் சங்கத்துக்கு வந்ததும் நடத்திய முதல் போராட்டம். அதை நினைத்துக்கொண்டேன், கண் கலங்கியது.

உச்சிக்கு முன்பே கரையேறிவிட்டார்கள். "வூட்ல வேல கெடக்குங்க" என்று போய்விட்டார்கள். பானையைப் பார்த்தேன். ஊற்றினது ஊற்றினபடி இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

இன்றும் பானை நிறைந்தே இருக்கிறது. வெயில் எப்படி என்றால், என் மூக்குக் கண்ணாடியின் சட்டம் காதைச் சுட்டது. "தாகமில்லையா?" என்று கேட்டேன். "தாகமில்லீங்க தோழரய்யா" என்று குனிந்தபடியே சொன்னார்கள். சங்கிலி அவர்களுடைய சுயமரியாதையைப் புண்படுத்தியிருக்கலாம். அவிழ்த்துவிட்டேன்.

இன்னொரு சங்கதி. உரக்கடைக்காரர் வயலைப் பார்க்க வந்தார். அவர் வரப்பில் கால் வைத்ததும் பவளக்கொடி என்ற இளம்பெண் ஒரு நாற்று முடியை, அதாவது ஒரு கட்டு நாற்றைக் கொண்டுவந்து அவர் காலடியில் குறுக்கே வைத்தாள். நடவு வயலுக்கு வெளியாள் வந்தால் இப்படி வழக்கமாம். காசு கொடுத்தால்தான் முடியை எடுத்து வழி விடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுத் தாண்டினார். எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டத்தைக் கூப்பிட்டு, "இப்படி வழிமறித்துக் கேட்பது உழைப்பாளிக்கு அழகில்லை. எது தேவையோ அதை நிமிர்ந்து நின்று, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்" என்றேன். பவளக்கொடி என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். செங்கமலம் அவள் இடுப்பில் கிள்ளிவிட்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

பானை நிறைந்தே இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

புதுப்பானை வாசனை பிடிக்கவில்லையோ என்று கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். நன்னாரி சர்பத்தும் கலந்தேன். எறும்புகள் மட்டும் வந்து குடித்தன.

பவளக்கொடி மட்டும் பேச்சுக் கொடுத்தாள். "அந்தக் கருவக்காடு இருந்தப்ப வசதியா இருந்துச்சு தோழரய்யா" என்றாள். கருவேலம் நிலத்தடி நீரை உறிஞ்சும் விதத்தை அவளுக்கு விளக்கினேன். ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றுகொண்டு கவனமாகக் கேட்டாள். இந்தத் தலைமுறைக்கு அறிவுத் தாகம் இருக்கிறது. மற்றத் தாகம்தான் இல்லை.

வீட்டுக்கு வந்தால் திலகமும் அதையேதான் ஆரம்பித்தாள். "ஏங்க, அந்தக் காடு இருந்தவரைக்கும் அவங்களுக்கு..." என்றாள். அவளுக்கும் நிலத்தடி நீரை விளக்க வேண்டியதாயிற்று. அவள் கேட்கவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சம்பளத்தோடு வார விடுமுறை. நெடுஞ்சேரி வரலாற்றில் முதல் முறையாக இருக்கும். பெண்கள் நம்பாமல் காலையில் வந்து நின்றார்கள், திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

சாய்வு நாற்காலியில் படுத்து யோசித்தேன். பிற்பகலில் புத்திக்கு எட்டியது. இத்தனை நாள் சங்கம் நடத்தியவனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டாமா? இது பகிஷ்காரம்.

எங்கள் கிளையில் ஒருமுறை மேலாளர் சொந்தச் செலவில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். மூன்று வாரம் ஒருத்தரும் தொடவில்லை. ஒரு கோஷம் கிடையாது, ஒரு தட்டி கிடையாது. மேசை மேசையாகத் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியது. மேலாளர் ஆடிப்போய்ப் பேச்சுவார்த்தைக்கு வந்தார். அந்த யோசனை என்னுடையது. அதே ஆயுதத்தை இன்று என் மேலேயே எடுத்திருக்கிறார்கள். கோபம் வரவில்லை, உண்மையில் பெருமையாக இருந்தது.

இனி முறைப்படி நடக்க வேண்டும். பட்டா திலகத்தின் பேரில் இருப்பதால் அவள்தான் நிர்வாகம். பேச்சுவார்த்தை முடியும் வரை தொழிலாளர் தரப்பிடம் அவள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, அவர்கள் சார்பாக என்னிடமும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "நான் நிர்வாகம்னா நீங்க யாரு?" என்று கேட்டாள். அதை இன்னும் முடிவு செய்யவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

வரப்புக் கூட்டம் போட்டேன். "உங்கள் கோரிக்கைகளை அஞ்சாமல் சொல்லுங்கள்" என்றேன்.

செங்கமலம், "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க தோழரய்யா" என்றார். பழுத்த தலைவர்கள் முதல் சுற்றில் இப்படித்தான் பிடி கொடுக்க மாட்டார்கள்.

கொஞ்சம் தயங்கிவிட்டு, "அம்மாகிட்ட தனியா ஒரு வார்த்த பேசிக்கிறேனே" என்றார். முடியாது என்றேன். நிர்வாகத்தோடு தனியாகப் பேசுவதில்தான் எல்லாத் துரோகங்களும் ஆரம்பிக்கின்றன. எதுவானாலும் எல்லோர் முன்னாலும், என் முன்னாலும் சொல்ல வேண்டும். செங்கமலம் திலகத்தைப் பார்த்தார். திலகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் நிர்வாகம். எனக்கு வாய் கெடையாது" என்றாள்.

கூட்டம் எந்த முடிவும் இல்லாமல் கலைந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

அவர்களுக்குக் கோரிக்கை மனு எழுதத் தெரியாததுதான் சிக்கல். அதனால் அவர்கள் சார்பில் நானே எழுதினேன். பதினான்கு கோரிக்கைகள். மழைக்கோட்டு, குடை, விபத்துக் காப்பீடு, பாம்புக்கடி நிவாரணம், இரண்டு வேளைத் தேநீர், மாதம் ஒரு தற்செயல் விடுப்பு, குறைதீர்க்கும் குழு, அறிவிப்புப் பலகை, ஆண்டுக்கொரு சுற்றுலா, இப்படிப் போகிறது. எதுவும் விட்டுப்போகவில்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

பிறகு நிர்வாகத்தின் ஆலோசகர் என்ற முறையில் அதைப் படித்தேன். சில கோரிக்கைகள் கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டன. கோபம்கூட வந்தது. ஆனால் தொழிலாளர் தரப்பு வாதம் வலுவாக இருந்ததால் சுற்றுலாவைத் தவிர மற்றவையெல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டன. திலகம் கையெழுத்துப் போட்டாள். போடும்போது சிரித்தாள்.

நடவு முடிகிற நேரத்தில் எல்லோரையும் நிற்கவைத்து முழுவதையும் வாசித்தேன். பதினாலு பேரும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். உணர்ச்சிவசப்பட்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். கைதட்டலை எதிர்பார்த்து நிறுத்தினேன். செங்கமலம், "முடிஞ்சிச்சா தோழரய்யா? வூட்டுக்குப் போவணும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். வெற்றிச் செய்தியை ஊருக்குச் சொல்லப் போகிற அவசரம்.

மனுவைப் பலகையில் ஒட்டித் தென்னைமரத்தில் அடித்து வைத்திருக்கிறேன்.

பானை நிறைந்தே இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

யாரும் வரவில்லை.

பக்கத்து வயல் அம்பலவாணன் வீட்டு நடவுக்குப் போயிருக்கிறார்கள். அம்பலவாணன் கொடுப்பது நம்மைவிடக் குறைவு. தேநீர் கிடையாது. விடுமுறை கிடையாது. "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுகிறார். அங்கே போய்ச் சிரித்துக்கொண்டு நடுகிறார்கள்.

அரசியல் பொருளாதாரம் முழுக்கப் படித்தவன் நான். அதிகச் சம்பளத்தை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் போகிற தொழிலாளியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

மனம் கேட்கவில்லை. வரப்பில் நின்று பார்த்தேன். அம்பலவாணனின் வயலோரம் ஒடுங்கிப்போன ஓர் அலுமினியக் குடம் இருக்கிறது. மூடிகூட இல்லை. அதிலிருந்து மொண்டு மொண்டு குடிக்கிறார்கள். என் நன்னாரியைத் தொடாதவர்கள்.

அவருடைய கருவேலங்காடு அப்படியே இருக்கிறது, சோம்பேறி மனிதர். பெண்கள் இரண்டிரண்டு பேராக அதற்குள் போய்வருகிறார்கள், விறகு பொறுக்க இருக்கும். வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். விறகு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"நீங்கள் இவர்களுக்கு என்னதான் செய்கிறீர்கள்?" என்று அம்பலவாணனிடமே கேட்டுவிட்டேன்.

"நான் என்னாங்க செஞ்சேன், சும்மாதான இருக்கேன்" என்றார். அலட்சியம்.

செப்டம்பர் 26, வெள்ளி

செங்கமலம் படுத்துவிட்டாராம். நீர்க்கடுப்பு, குளிர்ஜுரம். திலகம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒண்ணுக்குப் போறப்ப அழுறாளாங்க. இத்தனை நாள் வயல்ல தண்ணியே குடிக்காம இருந்திருக்கியேன்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்களாம்" என்றாள்.

பகிஷ்காரத்தை உயிரைக் கொடுத்து நடத்தியிருக்கிறார். இரண்டு கேன் தண்ணீர் உடனே அவர் வீட்டுக்கு அனுப்பினேன்.

திலகம் என்னையே பார்த்தாள். "தண்ணிக்கா அவளுக்குப் பஞ்சம்?" என்றாள்.

"நிர்வாகம் இதில் கருத்துச் சொல்வது..."

"சரி சாமி. நிர்வாகம் வாயத் தொறக்கல" என்று சொல்லிக் கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். நான் சாப்பிடவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நாற்றங்காலைப் பார்த்த அம்பலவாணன் உச்சுக் கொட்டினார். "நாத்து முத்திப்போச்சுங்க. இன்னும் தள்ளுனா நட்டாலும் தூர் கட்டாது. சம்பாவ மறந்துட வேண்டியதுதான்." இன்னும் பாதி நிலம் உழுது சேறாகக் கிடக்கிறது. அவள் அப்பாவின் நிலத்தில் நாங்கள் வைக்கிற முதல் பயிர். திலகம் நாற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைக் கேட்காமலே தெருவுக்குப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். அரைநாள் வருகிறார்களாம், செங்கமலம் இல்லாமல்.

செப்டம்பர் 29, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒன்றிரண்டு விவரங்களை விட்டுவிடுவேன்.

பவளக்கொடி முன்னே வர, பெண்கள் இறங்கினார்கள். மோட்டார் கொட்டகைக்குக் கிழக்கேயும் மேற்கேயும் நடவு. இன்று பகிஷ்காரத்தை முடித்துவைப்பது என்று தீர்மானித்திருந்தேன். நிர்வாகத் தரப்பு நல்லெண்ணத்தைக் காட்ட வேண்டும். பானைக்கு முன்னால் நின்று, "பாருங்கள் தோழர்களே, இந்தத் தண்ணீரில் எந்தக் கோளாறும் இல்லை" என்று சொல்லி, ஆறு டம்ளர் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்துக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் டம்ளரைக் கவிழ்த்தும் காட்டினேன். குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

காலையில் வீட்டில் குடித்திருந்தது வேறு இருந்தது. சற்று நேரத்துக்கெல்லாம் அது வேலையைக் காட்டியது.

கிழக்கே பார்த்தேன், பெண்கள். மேற்கே பார்த்தேன், பெண்கள். தெற்கே தார் ரோடு, பேருந்து நிறுத்தத்தில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள். வடக்கே வாய்க்கால் கரை, நான் சுத்தம் செய்து வைத்த கரை. ஒரு காக்கை ஒதுங்கவும் அதில் மறைவு இல்லை. கொட்டகைக்குள் மெக்கானிக் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கிறார், வாசலில் திலகம் உட்கார்ந்திருக்கிறாள். கருவேலம் என்று ஒரு மரம் இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. அதன் இலை, முள், நிழல் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

அம்பலவாணன் காட்டை நோக்கி வரப்பில் நடந்தேன். நடந்தேன் என்றுதான் எழுதுகிறேன்.

பாதி வழியில் பவளக்கொடி சேற்றிலிருந்து ஏறிவந்து என் காலடியில் ஒரு நாற்று முடியைக் குறுக்கே வைத்தாள்.

"முடி போட்டாச்சு தோழரய்யா. குடுத்துட்டுத்தான் தாண்டணும்."

"நான் வெளியாள் இல்லைம்மா. பையில் காசும் இல்லை. அப்புறம் தருகிறேன்."

"அப்பறம்னா எப்பறம்? எது வேணுமோ மொகத்தப் பாத்துக் கேளுன்னு நீங்கதான சொன்னீங்க."

"அவசரம்மா. வழியை விடு."

"என்னா அவசரம்?"

வாயிற்கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசின வாய். அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது? பவளக்கொடி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன்.

அந்த நிற்பை நான் பார்த்திருக்கிறேன். கோரிக்கைகளை வாசித்த அன்று அத்தனை பேரும் அப்படித்தான் நின்றார்கள். நிலத்தடி நீரை விளக்கியபோது இந்தப் பெண்ணும் அப்படித்தான் நின்றாள்.

"சொல்ல வாய் வரல இல்ல?" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "எங்களுக்கும் வரலீங்க. நீங்க காட்ட வெட்டுன அன்னயிலேருந்து எங்களுக்கு இதான் அவசரம். தண்ணி குடிச்சாதான வரும்னு குடிக்காமயே கெடந்தோம். செங்கமலக்கா படுத்தேபுடுச்சு."

"என்ன வேணும் சொல்லு."

"ஒதுங்க ஒரு மறைப்பு."

"ஆச்சு."

முடியை எடுத்துக்கொண்டாள். என் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமான பேச்சுவார்த்தையை நான் நடத்தியதில்லை.

அதற்குப் பிறகு அம்பலவாணன் காடு வரைக்கும் நடந்தவை பதிவு செய்யத் தக்கவை அல்ல. வேட்டி நனைந்தது வரப்பில் வழுக்கி விழுந்ததால்தான். திலகம் கேட்டபோதும் அதையே சொன்னேன். அவள் வேறு வேட்டி எடுத்துக் கொடுத்தாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்றைய வேட்டிக்காக இல்லை. பதினான்கு கோரிக்கை எழுதினேன், இரண்டு முறை சரிபார்த்தேன். சுற்றுலா ஞாபகம் வந்தது. இது வரவில்லை.

விடிந்ததும் படம் போட்டேன். ரோட்டோரத்தில் நாலு பேர் பார்க்கிற மாதிரி கழிப்பறை, மேலே பெயர்ப் பலகை. திலகத்திடம் காட்டினேன். "நிர்வாகம் இப்பப் பேசலாமா?" என்றாள். பேசலாம் என்றேன். "படத்தை மடிச்சுப் பையில வைங்க. எங்க வேணும்னு போய்க் கேப்போம்."

இருவரும் செங்கமலத்தின் வீட்டுக்குப் போனோம். கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார், வேண்டாம் என்றேன். என் இரண்டு கேன்களும் திறக்காமல் மூலையில் இருந்தன.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"ஆம்பள ஆளுகிட்ட அத எப்புடிங்க சொல்றது? அம்மாகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். நீங்க அவங்கள நிருவாகம்னுட்டீங்க."

எங்கே கட்டலாம் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். "ரோட்டுப் பக்கம் வாணாம். காடு இருந்த எடத்துலயே போடுங்க. வாசலு வாய்க்காலப் பாத்து இருக்கணும், வயலப் பாத்து இருந்தா ஒருத்தியும் போவ மாட்டா. உள்ள ஒரு கொழா. தாப்பா உள்பக்கம்." பிறகு குரலைத் தாழ்த்தித் திலகத்திடம், "மாசாமாசம் இருக்குல்லம்மா, அதுக்கு ஒரு மூடி போட்ட வாளியும்" என்றார். நான் வாசலில் இருந்த கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 1, புதன்

கொத்தனார் தொட்டிக்குக் குழி தோண்டுகிறார். கட்டடம் எழும்பச் சில வாரமாகும், நாற்று காத்திருக்காது. எனவே குழிக்கொரு தற்காலிக மேடை, சுற்றிலும் தென்னங்கீற்று மறைப்பு. நானும் திலகமும் சேர்ந்து கட்டினோம். கையெல்லாம் கீறல். கதவுக்குப் பலகை கிடைக்கவில்லை. தென்னைமரத்து அறிவிப்புப் பலகையைக் கழற்றிக் கதவாக மாட்டிவிட்டாள் திலகம். பதினான்கு கோரிக்கையும் உள்பக்கம் வருகிறது. "உக்காந்து நிதானமாப் படிக்கட்டும்" என்கிறாள்.

அக்டோபர் 3, வெள்ளி

முழுநாள் நடவு. வாசலுக்கு ரிப்பன் கட்டலாமா என்று கேட்டேன். பவளக்கொடி, "அதுக்குள்ள போறத ஊரு கூடியா பாக்கணும் தோழரய்யா?" என்றாள். ரிப்பனைக் கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டேன்.

அக்டோபர் 4, சனி

அம்பலவாணன் வந்தார். அவர் வயலில் நடுகிற பெண்களும் இப்போது நம் கீற்று மறைப்புக்குத்தான் வருகிறார்களாம், போய்வர நேரமாகிறதாம். காடு இனி எதற்கு என்று ஜேசிபிக்காரர் எண்ணைக் கேட்டார். அவர் காலடியில் ஒரு நாற்று முடியை வைத்தேன். நான் வைத்த முதல் முடி, கொஞ்சம் கோணலாக இருந்தது. தன் வயலிலும் ஒரு மறைப்பு கட்டுவதாக அவர் சொன்ன பிறகுதான் எடுத்தேன். எண்ணையும் கொடுத்தேன், செங்கமலத்தைக் கேட்டுவிட்டு வெட்டச் சொல்லி.

அக்டோபர் 6, திங்கள்

நடவு முடிந்தது. முத்தின நாற்றுதான், கொஞ்சம் நெருக்கி நட்டிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்ளும் என்கிறார் செங்கமலம்.

அவர் இன்று வந்திருந்தார். இறங்காதே என்று திலகம் சொல்லியும் கேட்காமல் இறங்கினார். வெயில் ஏறினதும் கரைக்கு வந்து, பானையைச் சாய்த்துச் செம்பில் ஊற்றி அண்ணாந்து குடித்தார். அவசரப்படவில்லை. தண்ணீர் கழுத்தில் வழிந்து ரவிக்கை நனைந்தது. நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு செம்பும் குடித்தார். எத்தனையோ வெற்றிகளுக்கு என் கழுத்தில் மாலை விழுந்திருக்கிறது. ஒன்றும் இதற்கு ஈடில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பிறகு ஒவ்வொருத்தராக வந்து குடித்தார்கள். எனக்குத் தாகமெடுத்துப் போய்ப் பார்த்தபோது பானையில் ஒரு சொட்டு இல்லை. டாக்டர் சொன்ன மூன்று லிட்டரில் இன்று பாதிகூடத் தேறாது. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று திலகத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன்.